ஜன்னல் பக்கத்து யானை

நான் கோபக்காரன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மனைவியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். கோபம் வந்தால்தான் கோபப்படுவேன். மற்ற நேரத்தில் என்னைப் போல ஒரு சாதுவை நீங்கள் பார்க்க முடியாது. லிஃப்ட் மெக்கானிக் வேலையில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவனுக்குப் பொறுமை இல்லாமல் இருக்குமா? மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கூச்சல் போடுகிறவர்களிடம், கதவுக்கு வெளியே நின்று, "இதோ ஆச்சு சார், பயப்படாதீங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டே வேலை பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட என்னையும் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ள வைக்கிற ஒரு மனிதர் உண்டு. என் மச்சான். என் மனைவியின் அண்ணன்.

மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சொந்தமாக டிரைவிங் ஸ்கூல், இரண்டு கார். அந்தக் கார்களில் பக்கத்து சீட்டில் இருப்பவர் காலுக்கும் ஒரு ப்ரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் மிதிக்க மறந்தால் இவர் மிதிப்பார். மறக்காவிட்டாலும் மிதிப்பார். அதனால் அவரிடம் படித்துப் போனவர்கள் டபுள் ப்ரேக் என்று அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அது அவருக்கும் தெரியும். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

நாங்கள் இருவரும் செஸ் ஆடுகிறவர்கள். பதினெட்டு வருஷமாக ஆடுகிறோம். ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தோம். வேலை முடிந்து, குளித்து, ஆறரை மணிக்கு நான் அவர் வீட்டில் ஆஜர். கூடத்திலேயே ஒரு மேஜை, அவருக்கு ஒரு நாற்காலி, எதிரே எனக்கு ஒரு நாற்காலி. ஏழரை வரைக்கும் ஆட்டம். ஆட்டத்தைவிட வாய்தான் அதிகம். "என்ன மாப்பிள்ளை, லிஃப்ட் மாதிரி மேலயும் கீழயும் போயிட்டு வர்றீங்க? ஊருக்குப் போற எண்ணமே இல்லையா?" என்பார். "நீங்க மட்டும் என்னவாம் மச்சான், எல்லாத்துக்கும் ப்ரேக் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க" என்பேன். தங்கையின் புருஷன் என்கிற மரியாதையில் ஒரு குறையும் வைக்க மாட்டார். வாங்க, போங்க என்று சொல்லியே ஆளைக் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்.

ஆட்டம் முடிந்த பிறகு, எங்கே கோட்டை விட்டோம் என்று பேசுவோம். அங்கேதான் ஆரம்ப காலத்தில் ஒரு தகராறு வந்தது. எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கும்போது இடது பக்கத்துக் குதிரை என்றால் யாருடைய இடது? என் இடது அவருக்கு வலது. நாள் முழுக்க "லெஃப்டுல ஒடிங்க, லெஃப்டுல ஒடிங்க" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திவிட்டு வருகிற மனிதர், வீட்டில் அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிந்து விழுவார். அதனால் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். மேஜைக்கு ஒரு பக்கம் ஜன்னல், மறு பக்கம் அடுப்படி. ஜன்னல் என் இடது கைப்பக்கம், அவருக்கு வலது கைப்பக்கம். எப்படி உட்கார்ந்தாலும் ஜன்னல் ஜன்னல்தானே? ஜன்னல் பக்கத்து யானை, அடுப்படிப் பக்கத்துக் குதிரை, ஜன்னலோரச் சிப்பாய். செஸ் தெரிந்த வேறு யாராவது கேட்டால் இதுகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். எங்களுக்கு அது தாய்மொழி மாதிரி ஆகிவிட்டது.

போன வருஷம் எங்கள் கம்பெனி அந்த ஊர்க் கிளையை மூடிவிட்டு, எங்களைத் தலைமை அலுவலகம் இருக்கிற பெரிய ஊருக்கு மாற்றிவிட்டது. ரயிலில் ஒன்பது மணி நேரம். பதினான்கு கட்டடங்களின் லிஃப்டுகள் என் பொறுப்பு. நாலாவது மாடியில் வாடகைக்கு ஒரு வீடு. அந்தக் கட்டடத்து லிஃப்ட் எங்கள் கம்பெனி லிஃப்ட் இல்லை. அது போடுகிற கிறீச் சத்தத்தைக் கேட்டாலே என் கை பரபரக்கும். ஆனால் அடுத்த கம்பெனிக்காரன் லிஃப்டில் கை வைக்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி இறங்குவேன்.

உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு வாரம் எனக்கு அந்த ஊர் பிடிக்கவே இல்லை. ஊர் மேல் குறை ஒன்றும் இல்லை. தண்ணீர் வந்தது, பஸ் வந்தது, சம்பளமும் கூடுதலாக வந்தது. ஆறரை மணிதான் வரக் கூடாத நேரமாக வந்தது. குளித்து, சட்டை மாற்றி, பழக்க தோஷத்தில் செருப்பையும் மாட்டிக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நிற்பேன். என் மனைவி பார்த்துவிட்டு, "ஏங்க, போஸ்ட் கம்பம் மாதிரி அங்க என்ன பண்றீங்க?" என்பாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போவேன்.

பதினைந்தாவது நாள் ஆறரைக்கு மச்சானிடமிருந்து போன். நலம் விசாரிக்கவில்லை, ஒன்றும் இல்லை.

"போர்டு இருக்கா மாப்பிள்ளை?"

"இருக்கு மச்சான். மூட்டை பிரிக்கல."

"பிரிங்க. நானும் அடுக்கி வெச்சிருக்கேன். நீங்க காயைச் சொல்லுங்க, நான் இங்க நகத்தறேன். நான் சொல்றேன், நீங்க அங்க நகத்துங்க. வேலை முடிஞ்சது."

அன்றைக்கு மூட்டையைப் பிரித்தேன் பாருங்கள், அந்த வேகத்தில் பாத்திர மூட்டையையும் சேர்த்துப் பிரித்துவிட்டேன். மேஜையைக் கூடத்தில் இழுத்துப் போட்டு, ஜன்னல் என் இடது கைப்பக்கம் வருகிற மாதிரி நாற்காலியைப் போட்டேன். வலது பக்கம் அடுப்படி. மச்சான் வீட்டில் இருந்தது போலவே. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தேன். மச்சானின் குரல் பலகைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே வந்தது. அன்று முதல் இந்த ஊர் எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது. ஆளைத் திட்டுவதற்கு ஆள் இருந்தால் எந்த ஊரும் நல்ல ஊர்தான்.

ஒரு நாளைக்கு ஆளுக்கு ஐந்தாறு காய் நகர்த்துவோம். மிச்ச நேரம் வம்பு. யார் எந்தச் சுவரில் காரை மோதினார்கள், எந்த லிஃப்டில் யார் மாட்டினார்கள் என்று எல்லாம் பேசுவோம். அங்கே மச்சானின் மனைவி, இங்கே என் மனைவி, இரண்டு பேரும் நடுவில் புகுந்து வேறு கதை பேசுவார்கள். ஒரு ஆட்டம் முடிய ஒரு வாரம் ஆகும். ஏழு மாதம் இப்படியே ஓடியது.

அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

அன்று நான் வெற்றிக்கு ஒரு காய் தூரத்தில் இருந்தேன். பொய் சொல்லவில்லை, அன்று மத்தியானத்திலிருந்தே எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவைச் சரி செய்துகொண்டே தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆறரைக்கு மணி அடித்தாற்போல் மச்சான் கூப்பிட்டார். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்து, பலகையைப் பார்த்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன்.

"ஜன்னல் பக்கத்து யானை. நேரா உங்க கடைசி வரிசைக்கு. செக் மச்சான். செக் மட்டும் இல்ல, மேட்."

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். நான் உள்ளுக்குள் குளிர்ந்து போனேன்.

"எப்படிப் போகும்?" என்றார்.

"எப்படின்னா? நேராத்தான்."

"நடுவுல என் சிப்பாய் நிக்குதே. உங்க யானைக்கு றெக்கை முளைச்சிருக்கா?"

"எந்தச் சிப்பாய்? அங்க ஒண்ணும் இல்ல. காலி."

"ஜன்னல் பக்கத்துச் சிப்பாய் மாப்பிள்ளை. ஆட்டம் ஆரம்பிச்சதுலேருந்து அது நகரவே இல்ல. கல்லு மாதிரி நிக்குது."

"அதை நேத்து நான் வெட்டிட்டேனே!"

"நேத்து நீங்க ஒரு சிப்பாயை வெட்டினீங்க. இதை இல்ல."

அவர் குரல் ஏற, என் குரல் ஏற, அடுப்படியிலிருந்து என் மனைவி கையில் கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள். நான் என் பலகையைப் பார்த்துத்தான் பேசுகிறேன். என் கண் எதிரே இருக்கிறது: காலி வரிசை, ஓடத் தயாராக யானை, தப்பிக்க வழியில்லாத அவருடைய ராஜா. அவர் இல்லாத சிப்பாயைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்துகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் புதுசா சிப்பாய் முளைக்குதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார்.

"எதிர்ல உக்காந்து ஆடினப்ப பதினெட்டு வருஷம் ஒரு கள்ளக்காய் கிடையாது. இப்ப தூரமா போயாச்சு. அங்க நீங்க எதை எங்க மாத்தி வெச்சா எனக்குத் தெரியவா போகுது?"

போன் வைக்கிற சத்தம் கேட்டது.

இந்த ஒரு பேச்சுத்தான் என்னைக் குத்தியது. தோற்பது, ஜெயிப்பது, அதெல்லாம் பழகிப்போன சமாசாரம். தூரமாகப் போய்விட்டதால் நான் வேறு ஆளாகிவிட்டேனா? நான் என்ன ஆசைப்பட்டா வந்தேன்? என்னையா கள்ள ஆட்டக்காரன் என்பது? அன்று சாப்பாடு இறங்கவில்லை. "உங்க அண்ணனோட இனிமே எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது" என்று மனைவியிடம் அறிவித்தேன். "ரொம்ப நல்லது. ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டை" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் கூப்பிடுவார் என்று நான் இருந்தேன். நான் கூப்பிடுவேன் என்று அவர் இருந்திருப்பார். வீம்பில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. சனி, ஞாயிறு, திங்கள். ஆறரை மணிக்குப் போனைப் பார்ப்பேன், ஏழரைக்கு டிவியைப் போடுவேன். பெண்கள் மட்டும் தினமும் பேசிக்கொண்டார்கள். என் மனைவி பேசும்போது நான் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருப்பேன். "ஆமா அண்ணி... இங்கயும் அதே கதைதான்... முகம் தூக்கி வெச்சிருக்கு" என்பாள். முகம் தூக்கி வைத்திருப்பது நான்தான். அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொள்வேன்.

கை சும்மா இருக்குமா? செவ்வாய்க்கிழமை மத்தியான இடைவேளையில் செல்போனுக்குள்ளே இருக்கிற செஸ்ஸை ஆடிப் பார்த்தேன். பன்னிரண்டாவது காயில் என்னை முடித்துவிட்டது. ஒரு திட்டு இல்லை, ஒரு கிண்டல் இல்லை, 'மறுபடி ஆடவா' என்று மட்டும் கேட்டது. சீ என்று ஆகிவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ராணியைச் சும்மா தூக்கிக் குடுத்துட்டீங்களே சார்."

என் பொறுப்பில் இருக்கிற ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரர். ஏழு மாதமாக அவர் கடை வாசலில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். வணக்கம் சொன்னதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் செஸ் பைத்தியம் என்று அன்றுதான் தெரிந்தது. மறுநாள் கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கிற அறைக்குக் கூட்டிப்போனார். நாலு பக்கமும் கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். இருமல் மருந்துப் பெட்டி ஒன்றின் மேல் பலகை, இரண்டு குட்டி ஸ்டூல், தலைக்கு மேல் ஒரு ட்யூப்லைட். மனிதர் தங்கம். நான் நல்ல காய் நகர்த்தினால் "அருமை சார்" என்பார். தப்பாக நகர்த்தினால் "பாத்து சார், யோசிங்க" என்பார். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த ஊரில் எனக்கென்று முதல் தடவையாக ஒரு ஆள் கிடைத்திருக்கிறார். ஆனாலும் இவ்வளவு மரியாதையான ஆட்டத்தில் எனக்கு ஏப்பம் வந்த திருப்தி வரவில்லை.

சண்டை நடந்து எட்டாவது நாள், சனிக்கிழமை, வேலை முடிந்த கையோடு நாங்கள் மூன்றாவது ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். சிக்கலான கட்டம். நான் தாடையைத் தடவிக்கொண்டு வாய்விட்டே யோசித்தேன்.

"ஜன்னல் பக்கத்துக் குதிரையை எடுத்தா..."

மருந்துக்கடைக்காரர் தலையை நிமிர்த்தி நாலு பக்கமும் பார்த்தார். "எந்த ஜன்னல் சார்? இங்க ஜன்னலே கிடையாதே."

நான் சிரித்துக்கொண்டே, "அது ஒண்ணும் இல்ல சார், எங்க மச்சானும் நானும் பேசிக்கற பாஷை. ஜன்னல்னா என் இடது கைப்பக்கம். எங்க வீட்டுல ஜன்னல் எப்பவும் எனக்கு இடது பக்கம்தான்..." என்று விளக்க ஆரம்பித்தேன். ஆரம்பித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. என் மனசுக்குள் என் கூடத்தைப் பார்க்கிறேன். நாற்காலியில் உட்காருகிறேன். ஜன்னலைப் பார்க்கிறேன். கழுத்து வலது பக்கம் திரும்புகிறது!

ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பஸ்ஸில் நிற்கக்கூடப் பொறுமை இல்லை. நாலு மாடியையும் படியிலேயே ஏறி, மூச்சு வாங்க வீட்டுக்குள் நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்தேன். எட்டு நாளாக யாரும் தொடாத பலகை எதிரே இருந்தது. ஜன்னல் என் வலது பக்கம் இருந்தது. இடது பக்கம் அடுப்படி.

"இந்த மேஜையை எப்ப திருப்பின?" என்று மனைவியைக் கேட்டேன்.

"அதுவா? போன வாரம் புதன்கிழமை காலையில. இஸ்திரிப் பெட்டி ஒயர் எட்டல, அதனால அந்தச் சுவத்துக்கு நகத்தினேன். ஏன், உங்ககிட்ட சொன்னேனே! ம்ம்னு தலையாட்டினீங்களே!"

"எப்படி நகத்தின?"

"பலகையோட, உங்க நாற்காலியோட, அப்படியே முழுசா சுத்தித் திருப்பினேன். ஒரு காய்கூட அசையல, தெரியுமா? மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நகத்தினேன்" என்றாள் பெருமையாக.

ஒரு காய்கூட அசையவில்லைதான். ஜன்னல்தான் அசைந்துவிட்டது. புதனும் வியாழனும் அவர் அடுப்படிப் பக்கம் என்று சொன்ன காயை நான் பழைய ஜன்னல் பக்கமாகவும், நான் ஜன்னல் பக்கம் என்று சொன்னதை அவர் அங்கே எதிர்ப்பக்கமாகவும் நகர்த்தியிருக்கிறோம். இரண்டு நாளில் இரண்டு பலகையும் வேறு வேறு ஆட்டமாகிவிட்டன. வெள்ளிக்கிழமை அவர் சிப்பாய் நிற்கிறது என்றது சத்தியம். என் வரிசை காலி என்றதும் சத்தியம். ஆனால் தப்பு என் கூடத்தில் நடந்தது. அவர் ஜன்னல் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

சும்மா இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இப்போது சொன்னால், பெருமையடித்த அந்த மேட் போச்சு. ஆயுளுக்கும் அதைச் சொல்லியே காட்டுவார். சொல்லாவிட்டால் மச்சானே போச்சு. மணி ஆறு இருபத்தைந்து. ஐந்து நிமிஷம் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஆறரைக்குப் போன் போட்டேன்.

எடுத்தது மச்சானின் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"வாங்க தம்பி, இப்பவாவது வழி தெரிஞ்சுதே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்கதான் இருக்கார். உங்க நாற்காலியில உக்காந்திருக்கார்."

"என் நாற்காலியிலயா? எதுக்கு?"

"அதை ஏன் கேக்கறீங்க! நீங்க ஊருக்குப் போனதுலேருந்து இந்தக் கூத்துதான். நீங்க போன்ல காயைச் சொன்னதும் எழுந்து, மேஜையைச் சுத்தி வந்து, உங்க நாற்காலியில உக்காந்து, உங்க காயை நகத்துவார். அப்புறம் மறுபடி சுத்திப் போய்த் தன்னோட இடத்துல உக்காந்து யோசிப்பார். எதுக்கு இந்த நடை, கையை நீட்டினா எட்டாதான்னு கேட்டா, அது மாப்பிள்ளை காய், மாப்பிள்ளை இடத்துலேருந்துதான் நகத்தணும்னுவார். இந்த எட்டு நாளா அந்த மேஜையைத் துடைக்கக்கூட விடல. நாங்க தரையில உக்காந்து சாப்பிடறோம்."

அந்தப் பக்கம், "யாரு போன்ல? குடு இங்க" என்று அதட்டல் கேட்டது.

"என்ன மாப்பிள்ளை" என்றார். குரலில் ஒரு ப்ரேக் இருந்தது.

"மச்சான், தப்பு என்னோடது. உங்க தங்கச்சி மேஜையைத் திருப்பிட்டா. நான் கவனிக்கல. என் ஜன்னல் வலது பக்கம் வந்துடுச்சு."

விபத்து நடந்த இடத்தில் விசாரிக்கிற மாதிரி கேட்க ஆரம்பித்தார்.

"எப்ப திருப்பினது?"

"புதன்கிழமை."

"காலையிலயா, சாயங்காலமா?"

"காலையில."

"அப்ப புதன்கிழமை நான் சொன்ன அடுப்படிச் சிப்பாய்?"

"நான் இங்க உங்க ஜன்னல் சிப்பாயை நகத்தியிருக்கேன்."

"வியாழக்கிழமை நீங்க வெட்டினது?"

"உங்க போர்டுல ஒரு சிப்பாய், என் போர்டுல வேற சிப்பாய். அதனால அந்த மேட் செல்லாது மச்சான். உங்க போர்டுதான் சரி. எது எங்க நிக்குதுன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க, நான் இங்க மாத்தி வெச்சுக்கறேன். அங்கேருந்து ஆடுவோம்."

"வேண்டாம்" என்றார்.

அவ்வளவுதானா, இனிமேல் ஆட்டமே வேண்டாம் என்கிறாரா?

"உங்க போர்டுல எது எங்க நிக்குதுன்னு நீங்க சொல்லுங்க. நான் இங்க மாத்திக்கறேன்."

"மச்சான், என் போர்டுல உங்களுக்கு மேட்."

"காது நல்லாத்தான் கேக்குது. சொல்லுங்க."

"எந்தப் பக்கம்னு எப்படிச் சொல்றது? ஜன்னல்னு சொன்னாத்தான் குழப்பம் ஆகுதே."

"உங்க ஜன்னல் இப்ப எந்தக் கைப்பக்கம்?"

"வலது கைப்பக்கம்."

"சரி. இங்கயும் இனிமே அதுதான் ஜன்னல். ஆரம்பிங்க."

நான் ஆரம்பித்தேன். என் ராஜாவை முதலில் சொன்னேன். அந்தப் பக்கம் நாற்காலி நகருகிற சத்தம், காய் வைக்கிற சத்தம். அடுத்து அவருடைய ராணியைச் சொன்னேன். அவர் எழுந்து நடந்து போவது கேட்டது. மறுபடி என் சிப்பாய். மறுபடி நடந்து வந்தார்.

"என் காயை எல்லாம் முதல்ல சொல்லி முடிச்சுடறேன் மச்சான். உங்களுக்கு நடை மிச்சம்."

"உங்க அக்கா சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டாங்க."

"அவ வாய் ஒரு நாளும் நிக்காது" என்றார். ஆனால் என் காய்கள் அத்தனையையும் என் நாற்காலியில் உட்கார்ந்தே வாங்கிக்கொண்டார். பிறகு தன் இடத்துக்குப் போய்த் தன்னுடையவற்றை ஒவ்வொன்றாக நான் சொன்ன இடத்தில் வைத்தார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. ஒரு சிப்பாயை நான் ஒரு கட்டம் தள்ளிச் சொல்லியிருந்தால், அங்கேதான் வைத்திருப்பார். எல்லாம் முடிந்ததும், "இப்ப அந்த யானையைச் சொல்லுங்க" என்றார்.

"ஜன்னல் பக்கத்து யானை. நேரா உங்க கடைசி வரிசைக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மறுபடியும் நடந்து வந்தார். யானையை நகர்த்தினார். மறுபடியும் சுற்றிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இந்த மனிதரை எனக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். தோற்கப் போகிறார் என்று தெரிந்தால், டீ ஆறிடுச்சு என்பார், யாரோ கூப்பிடறாங்க என்பார், காய்களைக் கையால் வழித்துப் பெட்டியில் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். எத்தனையோ ஆட்டம் நான் ஜெயித்திருக்கிறேன். ஒன்றுக்குக்கூட அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது கிடையாது.

"மேட்தான்" என்றார். "தோத்துட்டேன் மாப்பிள்ளை. நீங்க அங்கேருந்து என்ன சொல்றீங்களோ, இங்க காய் அங்கதான் இருக்கு."

ஜெயித்தவன் அழக் கூடாது என்று யார் சொன்னது? எனக்குக் கண் இரண்டும் நிறைந்துவிட்டது. பலகையும் தெரியவில்லை, ஜன்னலும் தெரியவில்லை. என் மனைவி பக்கத்தில் வந்து நின்று என் தோளில் கை வைத்தாள்.

"என்ன மாப்பிள்ளை, சத்தத்தையே காணோம்? லைன்ல இருக்கீங்களா, இல்லையா?" என்று அங்கே அதட்டினார்.

"இருக்கேன் மச்சான்" என்றேன். "இருக்கேன்."